வாசகர் கேள்வி-பதில்: தீர்ப்புக்கு முன்னால் நடப்பவை

சட்டத்தைப் பற்றி நடக்கும் ஆய்வுகள் குறித்து நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். "என் வழக்கு ஜெயிக்குமா?" என்று கேட்டு எழுதியவர்கள் மன்னிக்கவும், அதற்கு உங்கள் வக்கீல்தான் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: சட்டக் கல்லூரியில் 'சட்டமும் சமூகமும்' என்று ஒரு பேப்பர் இருக்கிறது. சட்டப் பிரிவுகளைப் படிக்கவே நேரம் போதவில்லை, இதில் சமூகவியல்காரர்கள் சொல்வதையும் ஏன் படிக்க வேண்டும்? வாதாடும்போது உதவுமா? (ஒரு மாணவி)

வாதாடும்போது உதவுமோ இல்லையோ, கட்சிக்காரர் ஏன் உங்களிடம் வந்தார், வர வேண்டிய இன்னும் பத்துப் பேர் ஏன் வரவே இல்லை என்று புரிந்துகொள்ளக் கட்டாயம் உதவும்.

ஒப்பந்தம் என்றால் என்ன, மீறினால் என்ன நஷ்டஈடு என்பதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும். ஸ்டூவர்ட் மெக்காலே என்ற ஒப்பந்தச் சட்டப் பேராசிரியர், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் தொழில் நடத்துகிறவர்களும் வக்கீல்களுமாக 68 பேரிடம் போய், நிஜத்தில் நீங்கள் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டு 1963-ல் ஒரு கட்டுரை எழுதினார். வாங்குகிற கம்பெனி அனுப்பும் ஆர்டர் படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனைப் பட்டியல் இருக்கும், விற்கிற கம்பெனி பதிலுக்கு அனுப்பும் படிவத்தின் பின்பக்கம் அதற்கு நேர்மாறாக இன்னொரு பட்டியல் இருக்கும், இரண்டையும் யாரும் படிக்க மாட்டார்கள். சட்டக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் பல சமயம் அங்கே ஒப்பந்தமே உருவாகவில்லை. ஆனாலும் சரக்கு போகிறது, பணம் வருகிறது, தகராறு என்றால் போனை எடுத்துப் பேசி முடித்துக்கொள்கிறார்கள். அடுத்த மாதமும் அதே ஆளிடம்தானே வாங்க வேண்டும்! கோர்ட்டுக்குப் போவது என்பது உறவை முறித்துக்கொள்ள முடிவு செய்த பிறகு செய்கிற வேலை.

அறுபது வருடம் பழைய கட்டுரைதான், ஆனால் இந்தத் துறையின் புத்தி அதிலேயே இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு நிற்காமல், ஆட்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள், அதைச் சுற்றிக்கொண்டு எப்படிப் போகிறார்கள் என்று போய்ப் பார்ப்பது. சமீப காலத்தில் வந்த நல்ல ஆய்வுகளும் இதைத்தான் செய்கின்றன, கையில் இருக்கும் கருவி மட்டும் மாறியிருக்கிறது.

கேள்வி: பசியோடு இருக்கும் நீதிபதி கடுமையாகத் தீர்ப்பு சொல்வார், சாப்பிட்டபின் இளகிவிடுவார் என்று அடிக்கடி வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஆய்வு உண்மை. அது சொல்வதாக வாட்ஸ்அப் சொல்வது சந்தேகம்.

2011-ல் இஸ்ரேலில் சிறைக் கைதிகளின் பரோல் மனுக்களை விசாரிக்கும் 8 நீதிபதிகளின் ஆயிரத்துச் சொச்சம் முடிவுகளை எடுத்து, நாளின் எந்த நேரத்தில் எந்த முடிவு வந்தது என்று அடுக்கிப் பார்த்தார்கள். காலையில் உட்கார்ந்ததும் ஏறத்தாழ 65 சதவீத மனுக்களுக்குச் சாதகமான முடிவு, போகப் போகக் குறைந்து, இடைவேளைக்குச் சற்று முன்னால் கிட்டத்தட்ட பூஜ்யம், சாப்பிட்டுவிட்டு வந்ததும் மறுபடி 65. வரைபடத்தைப் பார்த்தால் மலை, பள்ளத்தாக்கு, மலை என்று அழகாக இருக்கும். அந்த அழகுதான் அதைப் பிரபலமாக்கியது.

அதே வருடம் கெரன் வைன்ஷல்-மார்கெல், ஜான் ஷபார்ட் என்ற இருவர் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார்கள்: மனுக்கள் எந்த வரிசையில் வருகின்றன? குலுக்கல் முறையில் வந்தால் இந்தக் கணக்கு செல்லும். விசாரித்தால் அப்படி இல்லை. ஒரு சிறையிலிருந்து வந்தவர்களை முடித்துவிட்டுத்தான் இடைவேளைக்கு எழுந்திருப்பார்கள், அந்தந்தச் சிறைக்குள்ளும் வக்கீல் வைத்தவர்களின் மனு முதலில், வக்கீல் இல்லாதவர்களின் மனு கடைசியில். வக்கீல் இல்லாத மனு எந்த நேரத்தில் வந்தாலும் தோற்கும் வாய்ப்பு அதிகம். ஆக இடைவேளைக்கு முன்னால் தெரிகிற பள்ளத்தில் நீதிபதியின் வயிற்றுக்கு எவ்வளவு பங்கு, கைதியின் பணமின்மைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விட்டது.

அப்புறம் 2016-ல் ஆண்ட்ரியாஸ் க்ளோக்னர் இன்னொன்றைக் காட்டினார். மனுவை ஏற்பதற்குச் சராசரியாக 7 நிமிடத்துக்கு மேல் ஆகிறது, தள்ளுபடி செய்வதற்கு 5 நிமிடம் சொச்சம். இடைவேளைக்குக் கொஞ்ச நேரமே இருக்கும்போது நீண்ட மனுவைத் தொடாமல் சீக்கிரம் முடிகிற மனுவை எடுத்தால் போதும், யாருக்கும் பசிக்காமலேயே அந்த வரைபடத்தின் பெரும்பகுதி வந்துவிடும்.

நீதிபதிகளும் மனிதர்கள்தான், களைப்பு அவர்களைப் பாதிக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய விளைவு ஒரு சாண்ட்விச்சால் வந்தது என்று யாராவது சொன்னால், வரிசையை யார் போட்டது என்று கேளுங்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அந்த வரிசைதான். பசிக் கதையை உலகமே பகிர்ந்தது, வக்கீல் இல்லாதவன் கடைசியில் நிற்கிறான் என்பதை யாரும் பகிரவில்லை.

கேள்வி: தண்டனையைக் கடுமையாக்கினால் குற்றம் குறையாதா? ஆய்வாளர்கள் ஏன் சுற்றி வளைக்கிறார்கள்? (பெயர் வேண்டாம் என்கிறார்)

சுற்றி வளைக்காமலே சொல்கிறேன். மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயம் ஆளைத் தடுக்கிறது, மாட்டினால் எத்தனை வருடம் என்பது அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. குற்றவியல் ஆய்வாளர் டேனியல் நாகின் போன்றவர்கள் பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி வந்து சேர்ந்த இடம் இது. மரண தண்டனை விஷயத்தில் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2012-ல் இன்னும் கறாராகச் சொன்னது: அதுவரை வந்த ஆய்வுகளை வைத்து, அது கொலையைக் குறைக்கிறது என்றும் சொல்ல முடியாது, கூட்டுகிறது என்றும் சொல்ல முடியாது, விளைவே இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆகவே அவற்றைக் கொள்கை முடிவுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

அபராதம் சில இடங்களில் எதிர்ப்பக்கமாகக்கூட வேலை செய்யும். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் 10 குழந்தைகள் காப்பகங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் 6 இடங்களில் மட்டும், பிள்ளையைக் கூப்பிட 10 நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று அறிவித்தார்கள். 2000-த்தில் வெளிவந்த ஆய்வு இது. தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதுவரை 'பாவம், டீச்சர் காத்திருப்பார்' என்று ஓடி வந்த பெற்றோர், இப்போது காசு கொடுத்து வாங்குகிற சேவையாக அதை எடுத்துக்கொண்டார்கள். அபராதத்தை நீக்கியபிறகும் பழைய நிலை திரும்பவில்லை என்பதுதான் இதில் யோசிக்க வைக்கிற பகுதி. இது கொலை, கொள்ளைக்குப் பொருந்துமா என்று கேட்டு அடுத்த கடிதம் போடாதீர்கள், பொருந்தாது. சின்னச் சின்ன விதிமீறல்களுக்கு அபராதம் போடும் முன் நினைவில் வைத்தால் போதும்.

கேள்வி: வாய்தா அன்று கோர்ட்டுக்கு வராதவர்களுக்கு வாரண்ட் போடுகிறார்கள். வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்களுக்கு அது சரிதானே? (ஒரு வாசகர்)

'வேண்டுமென்றே' என்று எப்படித் தெரியும்? உங்களைக் குறை சொல்லவில்லை, எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதையே ஆய்வு செய்திருக்கிறார்கள்.

நியூயார்க் நகரத்தில் சின்னக் குற்றங்களுக்குப் போலீஸ்காரர் அந்த இடத்திலேயே ஒரு சம்மன் சீட்டு எழுதிக் கொடுப்பார், அதில் குறித்த தேதியில் கோர்ட்டுக்கு வர வேண்டும். 2015 வாக்கில் பத்தில் நான்கு பேர் வரவில்லை. வராவிட்டால் கைது வாரண்ட் தானாக வந்துவிடும், அதாவது பூங்கா மூடியபின் உள்ளே இருந்த மாதிரியான விஷயம் கைதில் போய் நிற்கும். அலிஸா ஃபிஷ்பேன், ஔரெலி உஸ், அனுஜ் ஷா மூவரும் அந்தச் சீட்டையே எடுத்துப் பார்த்தார்கள். மேலே கொட்டை எழுத்தில் இருந்த தலைப்பு 'புகார்/தகவல்'. வாங்குகிறவருக்கு அதில் என்ன தகவல் என்றே புரியாது. எப்போது, எங்கே வர வேண்டும் என்பது மேலே கண்ணில் படுகிற இடத்தில் இல்லை. வராவிட்டால் வாரண்ட் என்ற எச்சரிக்கை பின்பக்கம்.

சீட்டை மாற்றி அடித்தார்கள். குற்றவியல் நீதிமன்றத்தில் ஆஜராவதற்கான சீட்டு என்று தலைப்பிலேயே போட்டார்கள், தேதியும் இடமும் மேலே வந்தன, வராவிட்டால் என்ன ஆகும் என்பது முன்பக்கத்துக்கு வந்தது. வராமல் இருப்பது 13 சதவீதம் குறைந்தது. கூடவே போனில் நினைவூட்டும் குறுஞ்செய்தி அனுப்பியதில், அனுப்பாதவர்களோடு ஒப்பிட்டால் 21 சதவீதம் குறைந்தது. 2020-ல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. புதுச் சட்டம் இல்லை, கூடுதல் தண்டனை இல்லை, ஒரு காகிதமும் ஒரு மெசேஜும்தான்.

அதோடு பொதுமக்களிடம் கேட்டார்கள், ஏன் வரவில்லை என்று நினைக்கிறீர்கள் என்று. வேண்டுமென்றே வரவில்லை என்றுதான் சாதாரண மக்கள் அதிகம் சொன்னார்கள், துறை வல்லுநர்கள் அந்த அளவுக்குச் சொல்லவில்லை. வேண்டுமென்றே என்று நினைக்கிறவர்கள் தண்டனையைக் கேட்கிறார்கள், சீட்டைத் திருத்துவதில் அவர்களுக்கு ஆர்வமில்லை. மறந்துபோனவர்களையும் குழம்பியவர்களையும் வரவழைத்தபிறகு மிச்சம் இருக்கிறவர்கள் மேல் வாரண்ட் போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கேள்வி: போலீஸ் சட்டையில் கேமரா மாட்டினால் அத்துமீறல் நின்றுவிடுமா?

கலிஃபோர்னியாவின் ரியால்டோ என்ற சிறிய ஊரில் 2012-13-ல் சோதித்தபோது பலப்பிரயோகமும் புகார்களும் வெகுவாகக் குறைந்தன, எல்லோரும் கேமரா வாங்க ஓடினார்கள். வாஷிங்டன் நகரத்தில் 2,000-க்கு மேற்பட்ட போலீஸாரை வைத்து அதே மாதிரிச் சோதித்தபோது குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை, அந்த முடிவு 2017-ல் வந்தது. கேமரா நல்ல சாட்சிதான். அந்தப் பதிவை யார் பார்க்கிறார்கள், பார்த்தபின் என்ன செய்கிறார்கள் என்பதை கேமரா தீர்மானிக்காது.

கேள்வி: நீதிபதிகளுக்குச் சாய்வு இருக்கிறது என்கிறார்கள். அப்படியென்றால் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடலாமே? (மென்பொருள் துறையில் இருப்பவர்)

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள், முதலில் நீதிபதி.

இந்தியக் கீழமை நீதிமன்றங்களின் இணையப் பதிவுகளிலிருந்து 2010 முதல் 2018 வரையிலான 50 லட்சத்துக்கு மேற்பட்ட கிரிமினல் வழக்குகளை எடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பெயரை வைத்து நீதிபதி, குற்றம் சாட்டப்பட்டவர் இருவரின் பாலினத்தையும் மதத்தையும் மென்பொருள் கணித்தது. தன் பாலினத்தைச் சேர்ந்தவரையோ தன் மதத்தைச் சேர்ந்தவரையோ நீதிபதி கூடுதலாக விடுதலை செய்கிறாரா? மொத்தத்தில் பார்த்தால் இல்லை, வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. நிம்மதியான செய்திதான். ஆனால் இந்த முறை எதைக் காட்டாது என்பதையும் பார்க்க வேண்டும். எல்லா நீதிபதிகளும் ஒரு பிரிவினரிடம் ஒரே அளவு கடுமையாக இருந்தால் இந்த ஒப்பீட்டில் அது தெரியவே தெரியாது. யார் மேல் எஃப்ஐஆர் போடப்பட்டது, யாரை ஸ்டேஷனிலேயே பேசி அனுப்பிவிட்டார்கள், யாருக்கு ஜாமீன் கட்ட ஆள் இருந்தது என்பதெல்லாம் நீதிபதியின் மேஜைக்கு வழக்கு வருவதற்கு முன்னால் நடந்து முடிந்துவிடும். அந்த ஆய்வாளர்களும் இதைச் சொல்லத்தான் செய்கிறார்கள், தலைப்புச் செய்தி போடுகிறவர்களுக்குத்தான் இடம் போதவில்லை.

இந்த மாதிரி இடத்தில் எண்ணிக்கை போதாது, போய் உட்கார வேண்டும். பிரதீக்ஷா பக்ஷி குஜராத்தில் ஒரு விசாரணை நீதிமன்றத்தில் பாலியல் வன்முறை வழக்குகளைப் பார்த்து எழுதியதைப் படித்தால் தெரியும். சட்டப்படி சமரசமே செய்துகொள்ள முடியாத வழக்குகளில் வெளியே சமரசம் பேசி முடிக்கப்படுகிறது, பிறகு சாட்சி கூண்டில் ஏறிப் பிறழ்சாட்சியாகிறார், பதிவேட்டில் 'விடுதலை' என்று விழுகிறது. 50 லட்சம் வழக்குகளின் அட்டவணையில் அந்த 'விடுதலை'யும் மற்ற விடுதலைகளைப் போல ஒரே ஒரு கட்டம்தான்.

சரி, கம்ப்யூட்டர். அமெரிக்காவில் கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று மதிப்பெண் போடும் 'காம்பஸ்' என்ற மென்பொருளை 2016-ல் 'ப்ரோபப்ளிகா' பத்திரிகையாளர்கள் ஃப்ளோரிடாவின் ஒரு மாவட்டத்துத் தகவல்களை வைத்துச் சோதித்தார்கள். பின்னால் எந்தக் குற்றமும் செய்யாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அவர்களில் கறுப்பினத்தவரை 'ஆபத்தானவர்' என்று தவறாகக் குறித்த விகிதம் வெள்ளையரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. தயாரித்த கம்பெனி பதில் சொன்னது: ஒரே மதிப்பெண் பெற்ற கறுப்பரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் மறுபடி மாட்டுகிறார்கள், இதில் பாரபட்சம் எங்கே?

இரண்டு பேர் சொன்னதும் சரி. அதுதான் சிக்கல். அடுத்து வந்த கணித ஆய்வுகள் காட்டியது என்னவென்றால், இரண்டு பிரிவினர் மறுபடி கைதாகும் விகிதம் வேறுவேறாக இருந்தால், மதிப்பெண் முற்றிலும் துல்லியமாக இருந்தாலொழிய, இந்த இரண்டு நியாயத்தையும் ஒரே மென்பொருளில் சேர்ந்தாற்போல் நிறைவேற்ற முடியாது. எது வேண்டும் என்று மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அந்த முடிவு கோடிங்கில் இல்லை. இன்னொன்று, மென்பொருள் 'மறுபடி குற்றம்' என்று எண்ணுவது மறுபடி கைதானதை. போலீஸ் அதிகம் சுற்றும் தெருவில் இருப்பவர் அதிகம் கைதாவார். நீதிபதியிடமிருந்து பிடுங்கிக் கம்ப்யூட்டரிடம் கொடுப்பதாக நினைக்கிறீர்கள், கடைசியில் ரோந்துக் காவலரின் பழக்கத்தைத்தான் அதனிடம் கொடுக்கிறீர்கள்.

கேள்வி: பணம் இருப்பவனே ஜெயிக்கிறான் என்பது தெரிந்த விஷயம். இதற்கு எதற்கு ஆய்வு?

'தெரிந்த விஷயம்' எப்படி நடக்கிறது என்று தெரியாதே, அதற்குத்தான். லஞ்சமோ கெட்டிக்கார வக்கீலோ இல்லாமலேயே இது நடக்கும் என்று மார்க் கலான்டர் 1974-ல் காட்டினார். வங்கி, காப்பீட்டுக் கம்பெனி, அரசுத் துறை இவையெல்லாம் ஒரே மாதிரி வழக்கை நூறு தடவை நடத்துகிறவை. நீங்கள் வாழ்நாளில் ஒரு தடவை போகிறீர்கள். தோற்கும் என்று தோன்றுகிற வழக்கில் அவர்கள் பணம் கொடுத்துச் சமாதானமாகப் போய்விடுவார்கள், ஜெயிக்கும் வழக்கை மட்டும் மேல் கோர்ட்வரை கொண்டுபோய்த் தங்களுக்குச் சாதகமான முன்னுதாரணத் தீர்ப்பு வாங்கி வைப்பார்கள். உங்களுக்கு உங்கள் ஒரு வழக்குதான் முக்கியம், கொடுப்பதை வாங்கிக்கொண்டு போவீர்கள், அதில் தப்பும் இல்லை. இப்படியே இருபது வருடம் போனால் விதியே ஒரு பக்கம் சாய்ந்துவிடும், யாரும் தனியாக எந்தத் தவறும் செய்திருக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய கூட்டம் கோர்ட்டுக்கே வராதது. இங்கிலாந்தில் ஹேசல் ஜென் 1999-ல், அதன் பிறகு அமெரிக்காவில் ரெபெக்கா சாண்டஃபர், மக்களிடம் நேரடியாகக் கேட்டுப் பார்த்தார்கள். வேலை, வீட்டு வாடகை, கடன் என்று சட்டத்தில் வழி இருக்கிற பிரச்சினைகள் ஏராளம் பேருக்கு இருக்கின்றன. ஆனால் செலவுக்குப் பயந்து வக்கீலிடம் போகாதவர்களைவிட, இது சட்டப் பிரச்சினை என்றே நினைக்காதவர்கள் அதிகம் என்று சாண்டஃபர் சொல்கிறார். 'என் நேரம் சரியில்லை', 'குடும்ப விஷயம்' என்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறார்கள். இலவச சட்ட உதவி மையம் திறந்துவைத்து, யாரும் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

கேள்வி: தண்டனை கிடைக்காமல் வழக்கு முடிந்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு லாபம்தானே?

மால்கம் ஃபீலி என்ற ஆய்வாளர் 1970-களில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தின் கீழ்க் கோர்ட்டில் 1,600-க்கு மேற்பட்ட வழக்குகளைப் பார்த்தார். ஒன்றுகூட ஜூரி விசாரணைவரை போகவில்லை. உரிமைக்காகப் போராடினால் இன்னும் எத்தனை தடவை வர வேண்டும், எத்தனை நாள் கூலி போகும் என்று கணக்குப் போட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வழக்கு நடக்கும் விதமே தண்டனை என்றார் அவர். இசா கோலர்-ஹௌஸ்மன் 2018-ல் நியூயார்க்கின் சில்லறைக் குற்ற வழக்குகளைப் பற்றி எழுதியதில் இதன் அடுத்த கட்டம் இருக்கிறது: அங்கே 1990-களிலிருந்து கைதுகள் ஏறின, குற்றம் நிரூபிக்கப்படும் விகிதமோ இறங்கியது. வழக்கைத் தள்ளுபடி செய்வதற்கு முன், இத்தனை மாதம் ஒழுங்காக இருக்கிறாயா பார்க்கலாம், இந்த வகுப்புக்குப் போ, மறுபடி வா என்று ஆளைக் கண்காணிப்பதே அந்தக் கோர்ட்டுகளின் வேலையாகிவிட்டது. செய்தாரா இல்லையா என்ற கேள்வி பாதியில் எங்கோ தொலைந்துபோகிறது. இதை லாபம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: மக்கள் சட்டத்துக்குப் பயந்துதான் கட்டுப்படுகிறார்கள், இல்லையா?

பயம் மட்டும் இல்லை என்று டாம் டைலர் சிகாகோவில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டு 1990-ல் எழுதினார். நம்மை மரியாதையாக நடத்தினார்கள், சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார்கள் என்று தோன்றினால், தீர்ப்பு எதிராகப் போனாலும் ஆட்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். உலகம் முழுக்கப் போலீஸ் பயிற்சிகளில் இதைச் சேர்த்தார்கள். ஆனால் மரியாதையாக நடத்தினால் குற்றம் குறைகிறது என்பதற்குக் காரண-விளைவு ஆதாரம் இன்னும் போதாது என்று 2017-ல் நாகினும் கோடி டெலெப்பும் மறுப்பு எழுதினார்கள், அந்த விவாதம் முடியவில்லை. என் கட்சி: குற்றம் குறையாவிட்டாலும் மரியாதையாக நடத்தட்டுமே, அதற்குக்கூடவா ஆதாரம் வேண்டும்?

கேள்வி: நான் வக்கீல் இல்லை. சும்மா கோர்ட்டில் போய் உட்கார்ந்து பார்க்கலாமா?

தாராளமாக. விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளில் விதி. சிறார் வழக்கு, பாலியல் குற்ற வழக்கு, குடும்ப வழக்கு போன்றவற்றில் உள்ளே விடமாட்டார்கள், அது நியாயமும்கூட. பெரிய வழக்குக்குப் போகாதீர்கள், கூட்டமும் சத்தமும்தான் இருக்கும். மிகச் சாதாரணமான அறையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, எத்தனை மணிக்கு அழைத்தார்கள், எத்தனை நிமிடம் எடுத்தார்கள், வக்கீல் இருந்தாரா, வாய்தாவுக்குச் சொன்ன காரணம் என்ன என்ற நான்கை மட்டும் எழுதுங்கள். பெயர்களை எழுத வேண்டாம். போனை வெளியே கொடுத்துவிட்டுப் போங்கள், அது நடுவில் பாட ஆரம்பித்தால் அடுத்து அழைக்கப்படுவது நீங்கள்தான்.